எண்ணெய் போட்ட கதவு

ஊரார் வீட்டுக் கதவையெல்லாம் சரிசெய்த தச்சருக்கு, தன் வீட்டுக் கோழிக்கூண்டுக் கதவின் கீலில் ஒரு சொட்டு எண்ணெய் விட நேரம் வாய்த்ததே இல்லை. திறந்தால் ஊரையே கூட்டும் அது.

"அந்தச் சனியனுக்கு என்னிக்குத்தான் எண்ணெய் போடப் போறீங்க?" என்று மனைவி கேட்டுக் கேட்டே போய்ச் சேர்ந்துவிட்டாள். வருடம் ஒன்றாகிறது. இன்றைக்குத்தான் அவருக்கு ரோஷம் வந்தது. கீலைக் கழற்றி, துருவைச் சுரண்டி, எண்ணெய் விட்டு மாட்டினார். கதவு சத்தமே இல்லாமல் திறந்தது.

"இப்போ என்ன சொல்றே?" என்றார். இல்லாத மனைவிக்குக் கதவை இன்னொரு தடவை திறந்து காட்டினார்.

சாயங்காலம் தீனித் தட்டோடு வந்து கதவைத் திறந்தார். ஒரு கோழிகூட வரவில்லை. எல்லாம் உரக்குழியில் காய்கறித் தோலைக் கிளறிக்கொண்டிருந்தன. அப்புறம்தான் மண்டையில் உறைத்தது: இத்தனை நாளும் அவை ஓடி வந்தது அவரைப் பார்த்து அல்ல, கதவின் கிறீச்சைக் கேட்டு.

"பெரிய கெட்டிக்காரன்!" என்று தன்னையே திட்டிக்கொண்டார். இனி வாயால்தான் கூப்பிட்டாக வேண்டும். காலையிலிருந்து பேச ஆளில்லாத தொண்டை கரகரத்தது. கோழியை எப்படிக் கூப்பிடுவது என்று அவர் யோசிப்பதற்குள், அடுக்களையிலிருந்து ஆயுசுக்கும் அவர் காதில் விழுந்த அழைப்பையே வாய் சொல்லிவிட்டது.

"சாப்பிட வாங்க, ஆறிப்போகுது!"

கோழிகள் தலையைத் தூக்கிப் பார்த்தன. அவரும் சட்டென்று அடுக்களைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.