கதவைச் சாத்துகிற வீடு

அந்த வீட்டுக்கு யாரும் போகக்கூடாது என்று சொன்னவள் நான்தான். இன்றைக்கு எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் அப்படியொன்று நடக்கவே இல்லை என்பார்கள். நடந்தது. எனக்கு மூக்கு மேல் கோபம் வரும். அந்தக் கோபத்தில் சொன்னேன். சர்ச் பெண்கள் சங்கத்துக்குத் தலைவி நான். நான் சொன்னால் மற்ற பதினோரு பேரும் கேட்பார்கள். நாலு மாதம் கேட்டார்கள்.

பின்லாந்திலிருந்து வந்த பாதிரியார் குடும்பம் அது. பிப்ரவரி மழையில் எங்கள் டெட்சா மலையேறி வந்து, சர்ச்சுக்குப் பின்னால் இருக்கிற தகரக்கூரை வீட்டில் இறங்கினார்கள். பாதிரியார் எரோ நல்ல உயரம், பேச்சு குறைவு, எந்நேரமும் பள்ளிக்கூடம் கட்டுகிற இடத்தில் செங்கல்லோடு நிற்பார். மனைவி பெயர் காரினா. மகள் ஐனோவுக்கு ஆறு வயது. காரினா எங்கள் மொழியைத் தன் நாட்டிலேயே படித்துவிட்டு வந்திருந்தாள். படித்தது முழுக்க வேதப்புத்தகத்தை வைத்து. அதனால் அவள் வாயைத் திறந்தால் மலையிலிருந்து தீர்க்கதரிசி இறங்கி வந்தது போல இருக்கும்.

வந்த வாரமே நாங்கள் பன்னிரண்டு பேரும் பார்க்கப் போனோம். ஒரு பூசணிக்காய், ஒரு கூடை வேர்க்கடலை, ஒரு சிவப்புக் கோழி. காரினா கதவை அகலத் திறந்து, எங்கள் வழக்கப்படி முழங்கால் மடித்து, ஒழுங்காகக் கைதட்டி வரவேற்றாள்.

"இதோ, நீங்கள் வந்தீர்கள். என் இருதயம் களிகூருகிறது. உட்காருவீர்களாக," என்றாள்.

எஸ்னாத் என் விலாவில் இடித்தாள். "உக்காரலேன்னா கொள்ளைநோய் வருமோ?"

எஸ்னாத்துக்கு வாய் நீளம். சின்ன வயதிலிருந்து அப்படித்தான். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். தேநீர் வந்தது, ஏலக்காய் போட்ட இனிப்பு ரொட்டி வந்தது. நல்ல ரொட்டி. பெண் நல்லவள்தான் என்று எனக்குள் முடிவு செய்துவிட்டேன். பேசிவிட்டு எழுந்தோம், படியிறங்கினோம். கடைசிப் பெண்ணின் கால் மண்ணில் பட்டதும் முதுகுக்குப் பின்னால் கதவு 'டப்' என்று சாத்திக்கொண்டது.

எங்கள் பக்கத்தில் விருந்தாளி எழுந்தால் வீட்டுக்காரியும் எழுந்துவிடுவாள். விருந்தாளியின் கூடையை வாங்கிக்கொண்டு கூடவே நடப்பாள். ஓடைப் பாலம் வரைக்குமாவது போவாள். போகிறவள் "போதும், திரும்புங்க" என்று சொன்ன பிறகுதான் திரும்புவாள். வயல் எல்லைத் தகராறுக்கு என் வீடு தேடி வந்தவனையே நான் பாலம் வரை கொண்டுபோய் விட்டிருக்கிறேன், வழியெல்லாம் திட்டிக்கொண்டே.

முற்றத்தில் நின்றோம். செருப்பு மாட்டிக்கொண்டு வருவாளோ என்னவோ என்று கொஞ்ச நேரம் பார்த்தோம். உள்ளே கப் கழுவுகிற சத்தம் கேட்டது.

"கோழிய மட்டும் மறக்காம வாங்கிக்கிட்டா," என்றாள் எஸ்னாத்.

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. "இனிமே இந்தப் படிய மிதிச்சேன்னா என் பேரு நாங்கோசோ இல்ல. நீங்களும் யாரும் மிதிக்கக் கூடாது. சொல்லிட்டேன்."

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் காரினா எங்களிடம் வருவாள். "சனிக்கிழமை என் வீட்டுக்கு வருவீர்களாக," என்பாள். நாங்கள் "வர்றோம், வர்றோம்" என்று பல்லைக் காட்டுவோம். போகமாட்டோம். மார்ச், ஏப்ரல், மே எல்லாம் இப்படியே போயிற்று. கடைசி கடைசியாக அவள் சொல்வதையும் நிறுத்திவிட்டாள். ஜெயித்துவிட்டேன் என்றுதான் அப்போது நினைத்தேன்.

ஜூன் முதல் வாரம் திங்கட்கிழமை காலை அடிபம்பில் தண்ணீர் பிடித்துக் குடத்தைத் தலையில் ஏற்றினேன். பக்கத்தில் ஐனோ வந்து நின்றாள். அந்தக் குழந்தை வந்த மூன்றாம் வாரமே எங்கள் பிள்ளைகளோடு புழுதியில் புரள ஆரம்பித்துவிட்டது. பேச்சும் அப்படியே எங்கள் பிள்ளைகளின் பேச்சு.

"பெரியம்மா, நான் பாலம் வரைக்கும் வர்றேன்," என்று என் கையிலிருந்த வாளியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"யாருடி இதெல்லாம் சொல்லிக் குடுத்தா?"

"யாரும் சொல்லல. எல்லாரும் பண்றாங்கல்ல?"

பாலம் வந்தது. "போதும், திரும்பு," என்றேன். குழந்தை திரும்பவில்லை.

"பெரியம்மா, நானும் அம்மாவும் வியாழக்கிழமை ஊருக்குப் போறோம். பிளேன்ல."

"திரும்ப எப்ப வருவீங்க?"

"வர மாட்டோம். அப்பா மட்டும் பள்ளிக்கூடம் கட்டி முடிச்சிட்டு வருவாரு."

"ஏண்டி, இங்க என்ன கொறச்சல்?"

"எங்க வீட்டுக்குத்தான் யாருமே வர்றதில்லையே. அம்மா சனிக்கிழமை சனிக்கிழமை பன்னெண்டு கப் எடுத்து வெப்பாங்க. யாரும் வர மாட்டாங்க. அந்த ரொட்டிய அப்புறம் ஒரு வாரம் நாங்களே திங்கணும். எனக்கு அலுத்துப் போச்சு."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விடவில்லை. ஆறு வயதுக் குழந்தையிடம் போய் நியாயம் கேட்டேன். "உங்கம்மாதானடி அன்னைக்கு நாங்க படியிறங்கின உடனே கதவ அடிச்சுச் சாத்தினா?"

ஐனோ என்னை விவரம் தெரியாதவளைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "சாத்தலேன்னா வீட்டுக்குள்ள பனி வந்துடுமே பெரியம்மா. எங்க ஊர்ல கதவத் தொறந்து வெச்சா திட்டுவாங்க. மறுபடி வீடு சூடாக எவ்ளோ நேரம் ஆகும் தெரியுமா?"

வாளியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அன்றைக்கு அடுப்பில் களி அடிப்பிடித்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. எனக்கு வெட்கம் வந்தாலும் கோபமாகத்தான் வெளியே வரும். பூனையைத் திட்டினேன், விளக்குமாற்றைத் திட்டினேன். என்னைத் திட்ட வேறு யாரும் இல்லாததால் அதையும் நானே செய்தேன்.

செவ்வாய்க்கிழமை அந்தப் படியை மிதித்தேன். உள்ளே பெட்டிகள் கட்டி வைத்திருந்தார்கள். காரினா என்னைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கெட்டிலை வைக்க ஓடினாள். முதல் கப் முடிவதற்குள் எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டேன். கதவு, முற்றம், கப் கழுவிய சத்தம், கோழி, எதையும் விடவில்லை. அவள் முகம் வெளுத்துப்போயிற்று.

"நான் உங்களைத் துரத்தினேனோ? நான் அறியாதிருந்தேன் தாயே, நான் அறியாதிருந்தேன்."

"நீ தெரியாமப் பண்ண. நான் தெரிஞ்சே பண்ணேன். ஒரு வார்த்த கேட்டிருக்கலாம், கேக்கல. மத்த பதினோரு பேரையும் வர வேணாம்னு சொன்னது நான்தான்."

திட்டட்டும் என்று காத்திருந்தேன். அவள் எழுந்து வந்து என் கப்பில் இன்னும் தேநீர் ஊற்றினாள். நானும் அந்த அலுத்துப்போன ரொட்டியில் மூன்று துண்டு தின்றேன்.

நான் எழுந்ததும் அவளும் எழுந்தாள். என் கூடையை வாங்கிக்கொண்டு படியிறங்கினாள். அவளுடைய ஊர் ஏரி குளிர்காலத்தில் கல்லைப்போல இறுகி, மேலே ஆட்கள் நடந்து போவார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். இது பொய்யா நிஜமா என்று நான் மனதுக்குள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததில் பாலம் வந்ததையே கவனிக்கவில்லை. என் வீடு வந்துவிட்டது.

என் வீட்டுக்கு வந்துவிட்டால் அவள் விருந்தாளி. உட்காரவைத்து அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு கொடுத்தேன். அவள் எழுந்தாள். நான் சும்மா இருக்க முடியுமா? கூட நடந்தேன். பாலத்தில் "திரும்புங்க" என்று சொல்வாள் என்று பார்த்தால் சொல்லவில்லை. அதை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லையே. மறுபடி அவள் வீடு. மறுபடி அவள் என் கூடையை எடுத்துக்கொண்டாள்.

மூன்றாவது தடவை சோளக்காட்டு ஓரம் போகும்போது எஸ்னாத் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றாள். "காலையிலேர்ந்து பாக்குறேன். உங்கள்ல ஒருத்தி விழுந்தாத்தான் இது நிக்குமா?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பாலத்துக் கட்டையில் உட்கார்ந்துவிட்டேன். "இங்க பாரு பொண்ணே. போறவதான் சொல்லணும், 'போதும், திரும்புங்க'ன்னு. இப்ப போறவ நான். நான்தான் சொல்லணும்."

"போகிறவள் சொல்லாவிட்டால்?"

"சொல்லலேன்னா கூட வர்றவ திரும்ப முடியாது. நடந்துகிட்டே இருக்க வேண்டியதுதான்."

அவள் அதை வாய்க்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். போகாதே என்று கேட்க எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் பயணம் கிளம்புகிறவளின் குறுக்கே நிற்பது எங்கள் வழக்கமில்லை. டிக்கெட் வாங்கியாயிற்று, அங்கே அவள் தாய்க்குச் சொல்லியாயிற்று. அதோடு, நாலு மாதம் விரட்டி வைத்தவளுக்கு என்ன உரிமை? "போதும், திரும்பு," என்றேன். அவள் போனாள். நான் வீட்டுக்கு வந்து அழுதேன்.

அழுது முடித்துவிட்டு மற்ற பதினோரு வீட்டுக்கும் போனேன்.

வியாழக்கிழமை காலையில் நாங்கள் எல்லோரும் அவள் முற்றத்தில் நின்றோம். பெரிய பெட்டி எஸ்னாத் தலையில், சின்னது என் தலையில். பாதிரியார் ஒரு மூட்டையை சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு பின்னால் வந்தார். பஸ் நிற்கிற ரோட்டுக்கு ஒரு மணி நேர நடை. காரினா பாலத்தில் சொல்லுவாள் என்று பார்த்தோம், சொல்லவில்லை. மாமரம் வந்தது, மாவு மில் வந்தது, அங்கேயும் சொல்லவில்லை.

"அடுப்புல பீன்ஸ் வெச்சிட்டு வந்திருக்கேன். சீக்கிரம் சொல்லச் சொல்லு," என்றாள் எஸ்னாத்.

"அவ சொல்ற வரைக்கும் வாய மூடிட்டு நட."

ரோட்டில் நாங்கள் போய் நின்றதும் பஸ் வந்துவிட்டது. பெட்டிகளை மேலே ஏற்றினார்கள். ஐனோ ஒரு காலைப் படியில் வைத்து எங்களைத் திரும்பிப் பார்த்தாள். காரினா எங்கள் எதிரில் வந்து நின்றாள். சொல்லவேண்டியது அந்த ஒரு வார்த்தை. வாயைத் திறந்தாள். மூடினாள். நாங்கள் பன்னிரண்டு பேரும் ஒரு அடிகூடப் பின்வாங்கவில்லை. வழக்கம் வழக்கம்தான். அவள் விடுவிக்காமல் எப்படித் திரும்புவது?

கண்டக்டர் பஸ்ஸின் பக்கவாட்டில் படபடவென்று தட்டினான். "ஏறுறீங்களாம்மா, இல்ல நாளைக்கு வரட்டா?"

காரினா எங்களைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். அப்புறம் கண்டக்டர் பக்கம் திரும்பினாள்.

"போதும்யா, நீ கெளம்பு. நாங்க திரும்புறோம்," என்றாள்.

வேதப்புத்தகம் இல்லை. சுத்தமாக எங்கள் அடிபம்புப் பேச்சு. எங்கே பிடித்தாளோ தெரியாது. ஐனோ படியிலிருந்து குதித்தாள். அத்தனை அமைதியான பாதிரியார் சைக்கிளை அப்படியே புழுதியில் போட்டுவிட்டு பஸ்ஸின் ஏணியில் ஏறினார். மேலே நின்று பெட்டியை இறக்கும்போது அவர் சிரித்தார், பல் தெரிய. பஸ்ஸில் இருந்தவர்கள் ஒன்றும் புரியாமல் கை தட்டினார்கள். நான் காரினாவைக் கட்டிக்கொண்டு, நடுரோட்டில், என் வயதுக்குக் கொஞ்சமும் பொருந்தாத மாதிரி குதித்தேன்.

"என் பீன்ஸ் போச்சு," என்று சொல்லிக்கொண்டே எஸ்னாத் பெட்டியை மறுபடி தலையில் ஏற்றிக்கொண்டாள்.

திரும்பி வந்த வழியில் யாரும் அவரவர் வீட்டுக்குப் பிரியவில்லை. நேராக தகரக்கூரை வீட்டுக்குள் நுழைந்தோம். காரினா கட்டி வைத்த பெட்டியைப் பிரித்துப் பன்னிரண்டு கப்பை எடுத்தாள். தேநீர் ஊற்றினாள். பிறகு வாசலுக்குப் போய், இதை எல்லோரும் பார்க்கவேண்டும் என்பது போல, கதவை அகலத் திறந்து ஒரு கல்லை முட்டுக்கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

ஜூன் எங்களுக்குக் குளிர்காலம். மலைக்காற்று நேராக உள்ளே வந்தது. எஸ்னாத் பாவாடைக்கு மேல் சுற்றியிருந்த சித்தேஞ்சித் துணியை அவிழ்த்துத் தோளில் போர்த்தினாள். யாரும் வாயைத் திறக்கவில்லை. நாலு மாதம் அந்தக் கதவுக்காகச் சண்டை பிடித்தவர்கள் எந்த முகத்தோடு சொல்வது? நானும் இரண்டாவது கப் வரை தாங்கினேன். அதற்கு மேல் முடியவில்லை.

"ஏம்மா காரினா, அந்தக் கதவச் சாத்தித் தொலையேன். குளிருது."

அவள் எழுந்து போய்க் கல்லை நகர்த்திக் கதவைச் சாத்தினாள். நாங்கள் எல்லோரும் உள்ளே இருந்தோம்.