பன்னிரண்டடிக் கூரை

காலை ஒன்பது இருபதுக்கு மோனிஷாவின் பெயரை ஒலிபெருக்கியில் அழைத்தார்கள்.

அவளுக்குப் பதின்மூன்று வயது. இன்று ஜெயித்தால் மாநில இளையோர் இறகுப்பந்து அணியில் இடம். அதற்குப் பிறகு தேசிய முகாம். அதற்கும் பிறகு டென்மார்க், இந்தோனேசியா. தோற்றால் அவள் ஆடிப் பழகும் கோழி ஷெட்டில் திங்கட்கிழமை மறுபடி கோழிக்குஞ்சு இறங்கும். பெரியப்பா ஜெகதீஸ்வரன் அப்படித்தான் சொல்லியிருந்தார்.

எருமப்பட்டியில் அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுவான ஷெட் அது. கோழிகளுக்கு நோய் வந்து காலியாகக் கிடந்தபோது மோனிஷாவின் அப்பா தண்டாயுதபாணி தரைக்குச் சிமெண்ட் பூசினார். கோடு போட்டார். வலை கட்டினார். காற்று பந்தை இழுக்காமல் இருக்கப் பக்கக் கம்பிவலைகளில் தார்ப்பாய் அடித்தார்.

“கோழிய வித்துப்போட்டு எறக வெல குடுத்து வாங்கறான் எந்தம்பி,” என்று ஜெகதீஸ்வரன் டீக்கடையில் சொன்னார்.

“வாத்து எறகுங்க அண்ணா. ஒரு பந்துக்குப் பதினாறு,” என்றார் தண்டாயுதபாணி.

“எண்ணியாச்சா? ரொம்ப நல்லது.”

ஊரில் ஆடத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. சர்வதேச விதிப்புத்தகத்தைத் தண்டாயுதபாணி போனில் இறக்கிக்கொண்டார். தினமும் மகளுக்குத் தமிழில் சொன்னார். களம் நாற்பத்து நான்கு அடி நீளம். வலை நடுவில் ஐந்தடி. இருபத்தொரு புள்ளி எடுத்தால் ஓர் ஆட்டம். மூன்றில் இரண்டை எடுப்பவருக்கு வெற்றி. இருபதுக்கு இருபது வந்துவிட்டால் இரண்டு புள்ளி முந்த வேண்டும். இருபத்தொன்பதுக்கு இருபத்தொன்பது என்றால் அடுத்த புள்ளி யாருக்கோ அவருக்கு ஆட்டம். பந்து கூரையில் பட்டால் புள்ளி எதிராளிக்கு.

ஷெட்டின் கூரை நடுவில் பன்னிரண்டடி. ஓரத்தில் எட்டு. மோனிஷா பந்தைத் தாழ்வாகவே அடித்தாள். வலைக்கு ஒரு விரல் மேலே, நேராக, வேகமாக. மூன்று வருடம் அப்படி ஆடினாள். மாவட்டப் போட்டி ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. தலைக்கு மேலே மின்விசிறிகள். யாரும் உயர்த்தி அடிக்கவில்லை. அவள் ஜெயித்தாள்.

இன்று காலை சேலத்து அரங்கில் நுழைந்ததும் அவள் அண்ணாந்து பார்த்தாள்.

“இத்தன ஒசரம் எதுக்குங்கப்பா?”

“பெரிய கட்டடம்னா அப்படித்தான் சாமி. நீ வலையப் பாரு.”

எதிராளி சென்னைப் பெண் வித்யா. முதல் ஐந்து நிமிடம் அவளால் மட்டையைத் தூக்கவே முடியவில்லை. பந்து இடுப்புக்கு வந்தது, விலாவுக்கு வந்தது. மோனிஷா பதினொன்று, வித்யா ஐந்து. இடைவேளை. வித்யாவின் பயிற்சியாளர் ஒரு விரலை மேலே காட்டினார்.

அதன் பிறகு பந்து மேலே போனது. விளக்குகளுக்குள் மறைந்தது. வெகுநேரம் கழித்துச் செங்குத்தாக இறங்கியது. அப்படி இறங்கும் பந்தை மோனிஷா பார்த்ததில்லை. பின்னால் ஓடினாள், திரும்பினாள், வீசினாள். பந்து அவளுக்குப் பின்னால் விழுந்தது. பார்வையாளர் வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

முதல் ஆட்டம் பதின்மூன்றுக்கு இருபத்தொன்று. இரண்டாவது ஐந்துக்கு இருபத்தொன்று. கடைசிப் புள்ளிகளில் அவள் ஓடவில்லை. நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கை குலுக்கிவிட்டு வந்தவளை, கோட்டருகே உட்கார்ந்திருந்த நடுவர் தமிழ்ச்செல்வி நிறுத்தினார். தண்டாயுதபாணி பையை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார்.

“கை நல்ல வேகம் கண்ணு. எங்க பிராக்டீஸ்?”

“எங்க கோழி ஷெட்டுலீங்க அக்கா.”

தமிழ்ச்செல்வி சிரிக்கப் போனார். சிரிக்கவில்லை.

“பெரிய மேட்சுக்குக் கூரை முப்பதடி இருக்கணும்மா. புத்தகத்துலயே போட்டிருக்கு. யாரும் பாக்கலையா?”

தண்டாயுதபாணி பார்த்திருந்தார். முதல் வாரமே. அந்த வரியைப் படித்துவிட்டு, ஏணி போட்டு ஏறி, டேப் வைத்து அளந்தார். கூரையை உயர்த்த அண்ணன் சம்மதிக்க மாட்டார். சின்னப்பிள்ளை, நான்கு மாதம் ஆடிவிட்டு விட்டுவிடும் என்று நினைத்தார். அடுத்த பக்கத்துக்குப் போனார். பிறகு அவள் ஜெயிக்கத் தொடங்கினாள். பிறகு சொல்ல முடியவில்லை.

அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. ஜெகதீஸ்வரன். அடித்து ஓய்ந்தது.

அடுத்த ஆட்டத்துக்கு வேறு இரண்டு பெண்கள் களத்துக்குள் போனார்கள். மோனிஷா மட்டையை உறையில் போட்டு மூடினாள். முகம் துடைத்தாள். வாசலுக்கு வந்ததும் நின்றாள்.

“அப்பா, அந்த முப்பதடி சமாச்சாரம் உங்களுக்குத் தெரியாதுதானுங்களே?”