சூடில்லாத விளக்கு

ஆட்ரா கென்லி மேடத்துக்குக் கண் தெரியாது என்பது துபாயில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அந்த ஆள் அவரைப் பார்த்துக்கொள்ளும் ஆத்தூர்ப் பூவாயி. தெரிந்துவைத்திருந்த பாவத்துக்கு மூன்று வருஷமாக அவளுக்கு லீவு கிடையாது. வேறு ஆள் வந்தால் குட்டு வெளிப்பட்டுவிடுமாம்.

மேடத்துக்குத் தொண்ணூற்றுமூன்று வயது. ஒரு காலத்தில் ஹாலிவுட்டை ஆட்டிவைத்த கதாநாயகி. முப்பத்தொரு படம், மூன்று கல்யாணம். நாற்பது வயதில் அம்மா வேஷம் கொடுத்தார்கள். போங்கடா என்று உதறிவிட்டு, எண்ணெய்க் கம்பெனி இன்ஜினியரான மூன்றாம் கணவரோடு வளைகுடாவுக்கு வந்தவர், கணவர் இறந்த பிறகும் திரும்பவில்லை. கணவரின் மகன் வாரம் ஒருமுறை வந்து பத்து நிமிஷம் உட்காருவார். குரல் வரும் பக்கம் பார்த்துச் சிரித்தே மேடம் சமாளித்துவிடுவார். மகன் கிளம்பியதும் மேடம் துவண்டு படுத்துக்கொள்வார். பார்க்கப் பாவமாக இருக்கும்.

இந்த லட்சணத்தில் அபுதாபியில் ஒரு திரைப்பட விழா, மேடத்துக்கு வாழ்நாள் சாதனை விருது.

"தனியாத்தான் நடந்து போவேன்," என்றார் மேடம். "கிழவின்னு சொல்லட்டும். குருடின்னு ஒருத்தன் பரிதாபப்படக் கூடாது."

ஆறு வருஷப் பழக்கத்தில் அவருடைய இங்கிலீஷ் பூவாயிக்கு அத்துபடி. அவள் பதில்தான் இந்தியும் இங்கிலீஷுமாக உடைந்து வரும்.

"மைக் வரைக்கும் பன்னெண்டு அடி மேடம். நான் நடந்து பாத்துட்டேன். எண்ணிக்கிட்டே போங்க."

"எண்ணி நடக்க நான் என்ன பட்டாளமா? லைட்டோட சூடு கன்னத்துல படும். பட்ட இடத்துல நிப்பேன். ஸ்டுடியோவுல ஒரு தடவைகூடத் தப்பினதில்ல."

வாதாடப் பூவாயிக்குத் தெம்பில்லை. காலையிலிருந்து நின்ற கால் விண்விண்ணென்று தெறித்தது.

பேர் சொல்லி அழைத்தார்கள். அரங்கமே எழுந்து கைதட்ட, மேடம் நிமிர்ந்து நடந்தார். அடடா, என்ன நடை! திரைக்குப் பின்னால் நின்று பூவாயிதான் எண்ணினாள். பத்து, பதினொன்று, பன்னிரண்டு. முகத்தில் வெளிச்சம் பளீரென்று விழுந்திருந்தது. மேடம் நிற்கவில்லை. கன்னத்தைச் சற்றே தூக்கி, எதையோ தேடிக்கொண்டே போனார்.

அப்போதுதான் பூவாயிக்கு உறைத்தது. இதெல்லாம் எல்இடி விளக்கு. இத்தனை தூரத்திலிருந்து சூடு எங்கே வரும்?

மேடை விளிம்புக்கு நாலடிதான் பாக்கி. ஓடினால் குட்டு உடையும், ஓடாவிட்டால் எலும்பு உடையும். பூவாயி ஓடினாள். அவளுடைய ரப்பர் செருப்புச் சத்தம் மைக்கிலேயே கேட்டது.

கையைப் பிடித்ததும் மேடம் பல்லைக் கடித்தார். "உள்ளே போ. கெடுத்துட்டியே!"

"புது லைட்டு மேடம். சூடு மாஃபி, இல்லவே இல்ல. இன்னும் ரெண்டடி போனா கீழ விழுந்திருப்பீங்க."

கைதட்டல் நின்றுபோயிருந்தது. மூன்று வருஷம் பொத்திப் பொத்திக் காத்ததைப் பூவாயி தானே போட்டு உடைத்துவிட்டாள்.

மேடம் நீளமாக மூச்சு விட்டார். "மைக் எந்தப் பக்கம்?"

பூவாயி தோளைப் பிடித்துத் திருப்பி, மைக் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"எனக்குக் கண் தெரியாது," என்றார் மேடம், மைக்கில். "மூணு வருஷமா தெரியற மாதிரி நடிச்சேன். நான் உருப்படியா நடிச்சது அது ஒண்ணுதான். அதை நீங்க யாரும் பார்க்கல, இவ மட்டும்தான் பார்த்தா. எங்களுக்கு அலுத்துப்போச்சு. யாராவது ரெண்டு நாற்காலி கொண்டுவாங்க."