கதவு போட்ட கோல்

கால்பந்து மைதானத்தில் யார் கோல் யார் பெயரில் என்று இருபத்திரண்டு வருடமாக எழுதி எழுதி, கணக்கருக்கு வீட்டில் தம்ளர் உடைந்தால்கூட அது முதலில் எந்தப் பக்கம் உருண்டது என்று கேட்கும் வியாதி வந்துவிட்டது. சட்டம் என்னவோ சின்னதுதான். எப்படியும் வலைக்குள் போகிற பந்து, வழியில் தடுக்க வந்தவன் மேல் உரசியிருந்தால், உதைத்தவன் கோல். வெளியே போகிற பந்து அவன் மேல் பட்டு உள்ளே திரும்பினால், சொந்த அணிக்கு எதிராகவே போட்டதாக அவன் தலையில் சேம்சைடு கோல்.

இன்று பந்து பட்டது கணக்கரின் மச்சினன் முட்டியில். தடுப்பாட்டக்காரன், பட்டப்பெயர் கதவு. பதினாலு வருடத்தில் நடுக்கோட்டைத் தாண்டியது இரண்டே தடவை. அதிலும் ஒன்று கழிப்பறைக்கு. இன்றோடு ஓய்வு.

கேலரிக்கு அடியிலிருந்த அறையில் கணக்கர் அந்த கோலின் கேமராப் படத்தை ஓட்டிக்கொண்டிருந்தபோது மனைவி போனில் வந்தாள். கடைசி நாளில் தம்பி மானம் போனால், வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் கிடைக்காது என்றாள். கணக்கர் பெருமூச்சு விட்டார். நாற்பது தடவை ஓட்டியாயிற்று. பந்து கம்பத்துக்கு ஒரு சாண் வெளியேதான் போகிறது. வேறு வழியில்லை.

அப்போது கதவு நொண்டியபடி வந்து, முட்டியில் ஐஸ் பையோடு உட்கார்ந்தான். கெஞ்சப்போகிறான் என்று கணக்கர் கண்ணை மூடிக்கொண்டார்.

"மாமா, என் பேரையே போட்டுடுங்க. கோல் பட்டியல்ல என் பேர் ஒரு தடவைகூட வந்ததில்ல."

"அது சேம்சைடுடா."

"இருக்கட்டும். பட்டியல் பட்டியல்தானே? அக்காகிட்ட மட்டும் நான் கேட்டேன்னு சொல்லிடாதீங்க."

நிம்மதியாக எழுதப்போன கணக்கர், பழக்கதோஷத்தில் இன்னொரு கேமராவின் படத்தையும் ஓட்டினார். பந்து கடைசியில் வளைந்தது. முட்டியே இல்லாவிட்டாலும் உள்ளேதான் போயிருக்கும். சட்டப்படி உதைத்தவன் கோல். மனைவி கேட்டதும் அதுவே.

கதவு ஐஸ் பையைப் பிடித்தபடி பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தான். உதைத்தவனுக்கோ ஏற்கெனவே பத்தொன்பது கோல். கணக்கர் திரையை அணைத்தார். இருபத்திரண்டு வருடத்தில் முதல் பொய்யைக் கொட்டை எழுத்தில் எழுதினார்.

இரவுச் சாப்பாட்டுக்குக் கதவும் வந்திருந்தான். சட்டைப்பையில் பட்டியலின் பிரதி நாலாக மடிந்திருந்தது.

"உங்ககூடப் பிறக்காட்டியும் உங்களுக்கும் அவன் தம்பி மாதிரிதானே? எப்படிங்க உங்களுக்குக் கை வந்துச்சு?" என்றாள் மனைவி.

கதவு தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. கணக்கருக்கு விக்கல் எடுத்தது. அவர் முன்னால் மட்டும் தம்ளர் இல்லை. எழுந்துபோய்க் குழாயைத் திறந்தார்.