கண்ணாடிக்குள் ஆயிரத்து எண்ணூறு வெள்ளி

ஆயிரத்து எண்ணூறு சிங்கப்பூர் வெள்ளி கொடுத்து நான் வாங்கிய ஸ்டீரியோவை விட்டுவிட்டு, எழுபது வெள்ளிப் பெட்டியில் பாட்டுக் கேட்க என் மனைவி அல்போன்சம்மாள் அடுத்த வீட்டுக்குப் போனாள். ஒரு நாள் மட்டும் அல்ல, ஞாயிறுதோறும். இதை எந்தக் கணவன் பொறுப்பான்?

1983இல் ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றேன். சேமநிதிப் பணம் வந்ததும், சிராங்கூன் சாலைக் கடையொன்றில் மூன்று சனிக்கிழமைகள் விசாரித்து அந்த ஸ்டீரியோவை மார்சிலிங் அடுக்குமாடி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வாங்கியது அவளுக்காகத்தான். இருபது ஆண்டுகளாக ஆலயப் பாடகர் குழுவில் பாடிவருபவளுக்கு, அவ்வாண்டு ஈஸ்டர் திருப்பலியில்தான் முதன்முறையாக நான்கு வரிகளைத் தனியே பாடும் வாய்ப்புக் கிடைத்தது. அதைப் பதிவுசெய்து குழுவினருக்கு ஆளுக்கொரு கேசட் கொடுத்திருந்தார்கள்.

எங்கள் ஸ்டீரியோவில் அவள் அதை ஒரே ஒரு முறை கேட்டாள். "நல்லாருக்குங்க" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். அன்று மாலையே அதே கேசட்டை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டு மருதப்பனிடம் சென்று மூன்று முறை கேட்டாளாம். அவளுடைய சிரிப்பொலி சுவர் தாண்டி எனக்குக் கேட்டது.

மருதப்பன் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் முப்பது ஆண்டுகள் பாரந்தூக்கி இயக்கியவர். அவருடைய விண்ணப்பப் படிவங்களையெல்லாம் நிரப்பிக் கொடுத்தவன் நான். சுங்கை ரோடு பழஞ்சந்தையில் வாங்கிய அந்த எழுபது வெள்ளிப் பெட்டியை முக்காலி மீது திறந்தபடி வைத்திருந்தார். அதன் ஒரு பொத்தானுக்குப் பதிலாகப் பற்பசை மூடி செருகப்பட்டிருந்தது. அந்தப் பெட்டியோடு என் ஸ்டீரியோவுக்குப் போட்டியா?

ஒரு வெள்ளிக்கிழமை அவரையும் அவர் மனைவி தங்கத்தையும் தேநீருக்கு அழைத்தேன். என்னுடைய ஒலிபெருக்கிகள் கண்ணாடி அலமாரிக்குள், கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறை கலையாமல் நின்றன. அலமாரியின் சாவி எப்போதும் என் சட்டைப்பையில் இருக்கும். திறந்து, கேசட்டை இட்டு ஓடவிட்டு, மறுபடியும் பூட்டினேன். மருதப்பன் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"எப்படி?" என்றேன்.

"சாமானெல்லாம் பளபளன்னு இருக்கு வாத்தியாரே."

"பளபளப்ப யார் கேட்டா? சத்தம் எப்படின்னு கேட்டேன்."

அவர் தயங்கினார். "அந்தக் கண்ணாடியத் தொறந்து வச்சு, பிளாஸ்டிக்க எடுத்துட்டா…"

"தூசி படியும்."

"தொடச்சிக்கலாம்லா."

"எழுபது வெள்ளிப் பெட்டின்னா தொடச்சிக்கலாம். இது அப்படியில்ல."

"அவங்க வீட்டுச் சாமான், ஒங்களுக்கென்ன? டீயக் குடிங்க" என்று தங்கம் கணவரை அடக்கினார்.

அல்போன்சம்மாள் சும்மா இருந்தாளா? "வாங்கின அன்னிக்கே நானும் சொன்னேன் அண்ணே. இந்த சோபாவுக்கே நாலு வருஷமா பிளாஸ்டிக்க எடுக்க விடல. ஒக்காந்தா தொடையில ஒட்டுது."

மூவரும் சிரித்தார்கள். என் வீட்டில், என் தேநீரைக் குடித்துக்கொண்டு!

அடுத்த ஞாயிறு அவள் வழக்கம்போல் கேசட்டோடு புறப்பட்டாள். "கேசட் இங்க இருக்கட்டும்" என்றேன். மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

மருதப்பன் சொன்னது தவறு என்று உறுதிசெய்து கொள்வதற்காகவே அலமாரியைத் திறந்தேன். உறைகளைக் கழற்றினேன். ஒலிபெருக்கிகளை வெளியே தூக்கி இரண்டு நாற்காலிகள் மீது வைத்தேன். கேசட் சுழன்றது.

இரண்டாம் வரிக்கு முன்னால் அவள் மூச்சிழுப்பது கேட்டது. சின்னஞ்சிறு மூச்சு. மூன்றாம் வரியின் உச்சத்தில் குரல் ஓரிடத்தில் இலேசாகக் கரகரத்து, பின் தெளிந்தது. முப்பத்தோர் ஆண்டுகள் உடன் வாழ்ந்தும், ஆலயத்தில் கடைசி வரிசையில் அமரும் எனக்கு இவை எட்டியதே இல்லை. விலை என்னை ஏமாற்றவில்லை. நான்தான் ஸ்டீரியோவின் வாயைப் பொத்தி வைத்திருந்தேன்.

மகிழ்ந்திருக்க வேண்டும். ஆனால் அந்த மூச்சை மருதப்பன் ஏற்கெனவே கேட்டிருப்பார் என்பது நினைவுக்கு வந்தது. எனக்கு முன்பே, எழுபது வெள்ளியில், பற்பசை மூடியைத் திருகித் திருகிக் கேட்டிருப்பார். ஒலியைக் கூட்டினேன். மாடி முழுவதும் கேட்கட்டும் என்று மேலும் கூட்டினேன்.

வாசலில் அல்போன்சம்மாள் வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் மருதப்பன்.

"அடேங்கப்பா! நம்ம பெட்டில இப்படிக் கேக்கலியே தங்கச்சி!" என்றார் அவர். அதில் பொறாமை துளியும் இல்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

"ஆயிரத்து எண்ணூறு வெள்ளி" என்றேன்.

"உள்ள வந்து கேக்கலாமா வாத்தியாரே?"

"அடுத்த வாரம் வாங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

அல்போன்சம்மாள் தரையில் கிடந்த உறைகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சோபாவில் அமர்ந்தாள். கேசட்டைப் பின்னோட்டி மீண்டும் ஓடவிட்டேன். முதல் வரி முடிந்தது. அந்த மூச்சுக்காகக் காத்திருந்தேன். அவள் சற்றே அசைந்தாள். சோபாவின் பிளாஸ்டிக் கறகறவென்று அதை விழுங்கிவிட்டது.

பாட்டை நிறுத்தினேன்.

"கொஞ்சம் எந்திரி" என்று சொல்லிவிட்டுக் கத்தரிக்கோலைத் தேடிப் போனேன்.