டாலிவர் மில் தெருவில் ஒரு சாய்தளம்

என் கணவர் ஹாலிஸை அடக்கம் செய்த அதே மாதம் சங்கக் கூட்டமும் வந்தது. சங்கத்துக்குத் தலைவி நான்தான். தள்ளிவைக்கலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். தள்ளிவைத்துவிட்டு நான் என்ன செய்வது? தேவாலயக் கூடத்தைத் திறந்தேன், நாற்காலிகளைப் போட்டேன், கெண்ட்ரா கொண்டுவந்த கேக்கைத் துண்டு போட்டு வைத்தேன். முதலில் ஆற்றங்கரைக் குப்பையைப் பேசினோம். அடுத்தது எரியாத தெருவிளக்கு. அதற்கடுத்தது சக்கர நாற்காலிக்காக என் வீட்டு வாசலில் போட்டிருந்த சாய்தளம்.

மில் மூடி ஒரு தலைமுறை ஆகிவிட்டது. துணி போயிற்று, சங்கொலி போயிற்று. கம்பெனி தன் ஆட்களுக்குக் கட்டிக்கொடுத்த மரவீடுகள் மட்டும் ஒரே அச்சில் வார்த்தமாதிரி வரிசையாக நிற்கின்றன. அவற்றைக் காப்பாற்றத்தான் எங்கள் சங்கம். சம்பளமில்லாத வேலை, ஊர்ப் பொல்லாப்பு வேறு. வீட்டின் முன்பக்கம் கம்பெனி கட்டியபடியே இருக்கவேண்டும் என்பது எங்கள் விதி. பக்கவாதம் வந்து ஹாலிஸின் கால்கள் விழுந்துபோனபோது அதில் ஒரு வரி சேர்த்தோம்: வீட்டில் ஒருவருக்குத் தேவைப்படும்வரை சாய்தளம் இருக்கலாம். அந்த வரியை எழுதியதும் நான்தான்.

"இப்ப தேவையில்ல," என்றேன். "சனிக்கிழமை குப்பை அள்ள வர்றப்பவே அதையும் பிரிச்சுடலாம். யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?"

கெண்ட்ரா போன வருஷம்தான் இங்கே குடிவந்தவள். பழைய வீடுகள் என்றால் உயிரை விடுவாள். அவளுக்கே முகம் வாடிவிட்டது. "நடீனக்கா, இதுக்கென்ன இப்ப அவசரம்?"

"விதி விதிதானே, கண்ணு."

அடுத்த விஷயத்துக்குப் போனோம்.

வெள்ளிக்கிழமை சக்கர நாற்காலியை மருத்துவமனைக்குக் கொடுக்க எடுத்துப் போனேன். சாய்தளத்தில் இறங்கும்போது வழக்கம்போல் உடம்பைப் பின்னால் சாய்த்து, கைப்பிடியை இறுக்கிப் பிடித்தேன். நாற்காலியில் கனமே இல்லை. பின்பக்கமாகத் தடுமாறி, கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். வரவில்லை. காரில் நாற்காலியை ஏற்றிவிட்டுக் கிளம்பினேன்.

சனிக்கிழமை காலையில் எல்லோரும் வந்தார்கள். காபி கொடுத்தேன். குடித்து முடித்த கோப்பைகளைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்கள். முதல் அடியை யார் போடுவது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நானே கடப்பாரையை எடுத்தேன்.

அப்போது எதிர்வீட்டு ஓடெல் மடக்கு நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு தெருவைத் தாண்டி வந்தார். மில்லில் ஹாலிஸோடு ஒரே தறிக்கூடத்தில் வேலை பார்த்தவர். தன் வீட்டு முகப்பில் வெயிலுக்காகப் போட்டிருந்த அலுமினியச் சாய்ப்பை நான் விதியைக் காட்டிக் கழற்றவைத்த நாளிலிருந்து கூட்டத்துக்கு வருவதில்லை, என்னோடு பேசுவதும் இல்லை. சாய்தளத்தின் நடுவில் நாற்காலியை விரித்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

"எந்திரி, ஓடெல்."

"மாட்டேன்."

"நீ சங்கத்துலயே இல்ல."

"அதத்தான் சொல்றேன். உங்க சட்டம் எனக்கில்ல."

யாரோ சிரித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

"என் சாய்ப்பக் கழட்டவச்ச மகராசி நீ," என்றார் ஓடெல். "வருஷாவருஷம் வெயில்ல வேகுறேன். சரி, போவட்டும். இன்னைக்கு உன் வாசலையே பேத்தெடுக்க வந்துட்ட. நெஞ்சுக்குள்ள என்ன, மில்லுப் பஞ்ச அடச்சு வச்சிருக்கியா?"

அவர் சொன்னது ஏறக்குறைய சரிதான் என்று தோன்றியது.

"செவ்வாய்க்கிழமைக்கு நான் என்ன பண்ணுவேன்?" என்றார், குரலை இறக்கி.

"செவ்வாய்க்கிழமையா?"

"நீ சங்க வேலையா டவுனுக்குப் போற நாளு. நீ அந்தப் பக்கம் போனதும் நான் இந்தப் பக்கம் வருவேன். அவன உக்காரவச்சு அணைக்கட்டு வரைக்கும் தள்ளிட்டுப் போவேன். நீ வர்றதுக்குள்ள கொண்டாந்து விட்டுருவேன்."

செவ்வாய்க்கிழமைகளில் நான் வீடு திரும்பும்போது ஹாலிஸ் விட்ட இடத்திலேயே, சன்னலோரமாக இருப்பார். தரையில் செம்மண் கிடக்கும். என் செருப்பில் வந்ததென்று பெருக்கித் தள்ளுவேன்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா அதுக்கும் ஒரு கமிட்டி போடுவியாம். அவந்தான் சொன்னான்."

எல்லோரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். கெண்ட்ரா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். என் வாயும் சிரித்தது. உள்ளே ஒன்றும் அசையவில்லை.

"பிரிச்சுடலாம், ஓடெல்," என்றேன். "தினம் அதுமேல நடந்து போக என்னால முடியல."

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து நாற்காலியை மடக்கினார்.

"கடப்பாரையக் கீழ வையுங்க. பலகை பிளந்துடும். ஸ்க்ரூ போட்டது இது. திருப்புளி கொண்டாங்க." வலிக்கிற முழங்காலை மண்ணில் ஊன்றி அவரே முதல் திருகைக் கழற்றினார். "பலகைய நான் எடுத்துக்கறேன். வீட்டுக்குப் பின்னாடி போட்டுக்குவேன். பின்னாடிக்கும் விதி இருக்கா?"

"இல்ல."

"நல்லவேளை."

மதியத்துக்குள் பழைய மரப்படிகள் வெளியே வந்தன. அவற்றில் வெயில் படாத இடம் மட்டும் வெளுக்காமல் இருந்தது. முன்பக்கம் கம்பெனி கட்டியபடியே ஆகிவிட்டது. கெண்ட்ரா படம் எடுக்கப் போனை நீட்டினாள். என்ன நினைத்தாளோ, பைக்குள் போட்டுக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை டவுனுக்குக் கிளம்பிப் படியிறங்கினேன். ஓடெல் தெருவில் நின்றுகொண்டிருந்தார். கையில் தள்ள ஒன்றுமில்லாமல் அவர் நின்றது என்னவோபோல் இருந்தது.

"அணைக்குத்தான் போறேன்," என்றார். "வர்றியா?"

"மீட்டிங் இருக்கு."

"இருக்கட்டும்."

காரைத் திறக்காமல் அவரோடு நடந்தேன். அவர் முழங்காலுக்காக மெதுவாகப் போகவேண்டியிருந்தது. மில்லுக்குப் பின்னால், உடைந்த வேலியைத் தாண்டி நின்றோம். அணையில் தண்ணீர் மண்நிறமாக வழிந்துகொண்டிருந்தது.

"இங்க வந்து என்ன பேசுவீங்க?"

"என்னத்தப் பேசுறது? தறிச் சத்தத்துல ரெண்டு பேருக்கும் பாதிக் காது போயிருச்சு. தண்ணியப் பாத்துட்டு இருப்போம்."

நானும் பார்த்தேன். அப்போதும் அழுகை வரவில்லை. காற்று மட்டும் குளிர்ந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஓடெல், "போலாமா?" என்றார்.

"இன்னும் கொஞ்சம் இருப்போம்," என்றேன்.