இறங்கித் தள்ளும் தெரு

"அந்தப் புள்ள வர்ற நேரம். வாசல்ல நின்னு சொல்லிடு ஜெயா. நம்ம தெருவுல எறங்கித்தான் வண்டியத் தள்ளிக்கிட்டுப் போவணும்னு."

ராஜவேல் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார். ஜெயலட்சுமி தோசையைத் திருப்பினாள்.

"நீங்களே சொல்ல வேண்டியதுதானே?"

"நான் பேசுனா வீடியோ எடுத்துடுவாளுவ. கேஸாயிடும். நீ சொன்னா ஒண்ணுமில்ல."

தளபதிக் கணவரின் முன்யோசனையை மெச்சுவதா, நோவதா என்று தெரியாமல் அவள் அடுப்பைத் தணித்தாள்.

கீழத்தெரு மஞ்சு ஜெயங்கொண்டத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். புதிதாக ஸ்கூட்டர் வாங்கியிருந்தாள். மெயின் ரோட்டுக்குப் போக ராஜவேல் இருந்த நடுத்தெருவை விட்டால் வேறு வழியில்லை. அவள் உட்கார்ந்தபடி போனால் தங்கள் சாதி மானம் போய்விடும் என்று 'குலமானக் காவல் படை' கண்டுபிடித்திருந்தது.

ஒரு ஃபிளெக்ஸில் பிறந்த படை அது. வாட்ஸ்அப்பில் வளர்ந்து உடையார்பாளையம் வரை கிளை விட்டது. ரத்தம் கலக்கக் கூடாது என்று மைக்கில் முழங்கினார்கள். காதலித்த ஒரு பையனின் கையை ஒடித்துவிட்டு, ஒடித்தவர்களுக்குச் சால்வை போர்த்தினார்கள். ராஜவேல் தளபதி, முந்திரி வியாபாரி தர்மராஜும் தளபதி, அவர் மச்சானும் தளபதி. படையில் சிப்பாய் என்று ஒருவரும் இல்லை.

ஜெயலட்சுமி வாசலுக்குப் போனாள். அதற்குள் படையினர் மறித்து மஞ்சுவை இறக்கியிருந்தார்கள்.

"இன்னொரு நாள் லேட்டாப் போனா வேலைய விட்டு நிறுத்திடுவாங்க அக்கா" என்றாள் மஞ்சு. கண் கலங்கியிருந்தது.

ஜெயலட்சுமி ஸ்கூட்டரின் பின்பக்கம் கை கொடுத்தாள்.

"வேணாங்க்கா. ஒங்கள ஏசுவாங்க."

"ஏசட்டும். ரெண்டு பேரு தள்ளுனா சீக்கிரம் போவலாம்."

அன்று முதல் தினமும் தள்ளினாள். தளபதியின் மனைவியைத் தடுக்கப் படையின் சட்டத்தில் இடமில்லை.

ஆடியில் குலதெய்வத்துக்குத் திருவிழா வந்தது. பூசாரி பரிவட்டத்தைக் கையில் எடுத்து, முதலில் யார் தலையில் கட்டுவது என்று கேட்டார். ராஜவேல் தலையை நீட்டினார். தர்மராஜும் நீட்டினார்.

"நாங்கதான் மூத்த வகையறா."

"மூத்த வகையறாவா? ஒங்க பாட்டன் எங்கேருந்து பொண்ணு கொண்டாந்தான்னு மைக்குல சொல்லட்டுமா?" என்றார் தர்மராஜ்.

மேடைதோறும் ரத்தத்தைப் பற்றிப் பேசியவர்கள் அன்று அதைக் கண்ணால் பார்த்தார்கள். நாற்காலிகள் பறந்தன. போலீஸ் வந்ததும் பாதிப் படை முந்திரிக்காட்டுக்குள் மறைந்தது. பிறகு அது திரும்பவேயில்லை. மிஞ்சியவர்கள் தெருவை இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். மேல்பாதி தர்மராஜுக்கு, கீழ்ப்பாதி ராஜவேலுக்கு. ஒருவர் எல்லையில் மற்றவர் இறங்கித்தான் தள்ள வேண்டும். அவர்களுக்குத் தெரிந்த சட்டம் அது ஒன்றுதான். பயந்துபோன பூசாரி கோயில் பக்கமே வரவில்லை; சாமிக்கு விளக்கேற்றுவது யார் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

மறுவாரம் காலையில் ராஜவேல் தம் புல்லட்டை மேல்பாதியில் தள்ளிக்கொண்டு போனார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தர்மராஜின் ஆட்கள் இருவர் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் மஞ்சுவும் ஜெயலட்சுமியும் ஸ்கூட்டரைத் தள்ளி வந்தார்கள்.

மஞ்சு வண்டியை நிறுத்தினாள். "சார், கனமாருக்கே. நான் ஒரு கை புடிக்கவா?"

ராஜவேலின் காது மடல் சிவந்தது.

ஜெயலட்சுமி கணவரைப் பார்த்தாள், மஞ்சுவைப் பார்த்தாள். இத்தனை நாள் தள்ள வைத்தவருக்கு இந்தப் பெண் கை கொடுக்க நிற்கிறாள். சாமி எங்கே இருக்கிறது என்று அவளுக்குச் சந்தேகமில்லாமல் போயிற்று.

"ஒனக்கு நேரமாவுது மஞ்சு. ஏறி உக்காரு. வண்டிய எடு."

"அக்கா..."

"எடு. நானும் வரேன்."

சேலையை ஒதுக்கிக்கொண்டு பின்னால் ஏறி, மஞ்சுவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். தர்மராஜின் ஆட்கள் எழுந்தார்கள், ஒருவரையொருவர் பார்த்தார்கள், உட்கார்ந்தார்கள். ராஜவேலைக் கவனிக்கத்தான் அவர்களுக்கு உத்தரவு.

"ஜெயா, எங்க போற?"

"கோயிலுக்குங்க. சாமி இருட்டுல கெடக்குது" என்றாள் அவள். "நீங்க மெதுவாத் தள்ளிக்கிட்டு வாங்க."